பெயர்ப்பலகை இல்லாத கடையில் வாங்கிய பலகை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருவில், வாடகை வீடொன்றின் முன்னறையில் ஸ்கேட்போர்டு விற்கிறார்கள். கடைக்குப் பெயர் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நடுவில் முறிந்துபோன பழைய ஸ்கேட்போர்டின் ஒரு பாதியை நைலான் கயிற்றால் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் அதைப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொள்கிறார்கள். கடையை நடத்தும் இளைஞர், வீட்டுக்காரரிடம் சங்கடம் வரும் என்பதால் தம் பெயரையும் கதவு எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கே அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். 2024 மே மாதம் அவரிடம் வாங்கிய பலகையைப் பற்றியும், ஓராண்டுக்கும் மேலாக அதற்கு அவர் செய்து கொடுத்த வேலைகளைப் பற்றியும் எழுதுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

நான் கடலூரில் குடியிருப்பவன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரமும் வெர்னியர் காலிபருமாக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்கேட்போர்டின் மேல் நான் ஏறி நின்றது ஒரே ஒரு முறை. அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. ஓட்டுபவள் என் பேத்தி. வாங்கும்போது அவளுக்கு வயது 12. கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி வென்ற பிரேசிலின் ரைசா லேயலுக்கும் அப்போது வயது 13. “எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் தாத்தா இருக்கு” என்று பேத்தி போட்ட கணக்குக்கு அதுவே ஆதாரம்.

தம்பியின் கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு பலகை வாங்கி ஏமாந்திருந்தோம். விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் 1,350 ரூபாய்க்குக் கிடைத்தது. பளபளவென்று பாம்புப் படம் போட்டிருந்தது. வாங்கிய நான்காம் நாள், தேவனாம்பட்டினம் போகும் சாலையில், சுண்டைக்காய் அளவுகூட இல்லாத ஒரு சரளைக்கல்லில் முன்சக்கரம் மோதி அங்கேயே நின்றுவிட்டது. பலகை நின்றது, பேத்தி நிற்கவில்லை. முழங்காலில் தோல் வழன்றுபோய், மூன்று வாரம் மஞ்சள் பற்றுப் போட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரம் கடினமான பி.வி.சி. பிளாஸ்டிக். அதைத் தாங்கும் அச்சும் பிளாஸ்டிக் வார்ப்பு. எல்லாவற்றையும் பலகையோடு ரிவெட் அடித்திருந்தார்கள். கழற்றுவதற்கு ஒரு நட்டுகூட இல்லை. கடைக்காரரிடம் எடுத்துச் சென்றபோது, “பசங்க சாமான் சார், உடைஞ்சா வேற வாங்கிக்குங்க” என்றார். உடைந்தால் வேறு வாங்க வேண்டிய பொருளைக் குழந்தையின் காலடியில் வைத்து உருட்டிவிடுவது எவ்வகை வியாபாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ரிவெட்டுகள்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்துவிட்டன. ஸ்கேட்போர்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. அது எந்த ஆய்வுக்கூடத்திலும் வடிவமைக்கப்பட்ட பொருள் இல்லை. ஓட்டியவர்களே கழற்றி, அறுத்து, மாற்றி, மறுபடியும் பூட்டிப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பாகமாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது. கழற்ற முடியாத பலகை அந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கிறது. எனவே தம்பியின் கடையில் நான் முதலில் கேட்டது விலையை அன்று, “எல்லாம் கழலுமா?” என்பதைத்தான். அவர் பதில் சொல்லாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு T வடிவச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வியும் எனக்குப் பிடித்திருந்தது: “எங்கே ஓட்டப் போறீங்க, ஐயா?” பிறகு பேத்தியின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைப் பலகையின் குறுக்கே வைத்துப் பார்த்து, 8 அங்குல அகலமுள்ள பலகையைத் தேர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த விலை கூடிய பலகையை நான் காட்டியபோது, “அந்தப் படத்துக்குத்தான் காசு; மரம் ஒண்ணுதான்” என்று சொல்லி எடுக்க மறுத்துவிட்டார். பாகங்களைக் கண்ணெதிரே பூட்டினார். உப்புத்தாள் போன்ற கிரிப் டேப்பைப் பலகையின் மேல் ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்துக்கொண்டு போனார். பிறகு ஸ்குருடிரைவரின் தண்டால் பலகையின் விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி உரசினார். விளிம்பு நெடுக வெள்ளைக்கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் மேலேயே பிளேடைச் செலுத்தி, ஒரே வீச்சில் உபரித் தாளை அறுத்தெடுத்தார். என் மாணவர்களில் பத்துப் பேருக்கு இந்தக் கை வாய்த்திருந்தால் நான் இன்னும் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

சக்கரத்தில்தான் முதல் தகராறு. தம்பி கடலூர்ச் சாலைக்கு மென்மையான சக்கரம் வேண்டும் என்றார். பேத்தியோ 52 மி.மீ. குறுக்களவுள்ள, வெள்ளை நிறத்தில் சிவப்பு நண்டு அச்சிட்ட கடினச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தச் சக்கரங்களின் கடினத்தை ஷோர் A என்ற அளவையால் குறிப்பார்கள். 99A என்றால் கல் போன்றது, வழுவழுப்பான கான்கிரீட்டுக்கு ஏற்றது. 78A என்றால் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவது, கரடுமுரடான தாருக்கு ஏற்றது. நண்டு 99A. இரண்டே வாரத்தில், “தாத்தா, கால்ல மின்சாரம் மாதிரி ஏறுது” என்று அவளே வந்து சொன்னாள். தம்பி அந்தச் சக்கரங்களைப் பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு 60 மி.மீ., 78A சக்கரங்களைக் கொடுத்தார்.

இந்தச் சக்கரம் யூரித்தேன் என்ற, ரப்பர்போல் அமுங்கும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஸ்கேட்போர்டின் கதையை இரண்டாகப் பிரித்தால், யூரித்தேனுக்கு முன், யூரித்தேனுக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். 1950களில் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு ஆடியவர்கள், அலை இல்லாத நாட்களில் தரையிலேயே அலையாடப் பலகைக்கு அடியில் ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டார்கள். கட்டுமரத்தில் அலையேறி வருபவர்களைப் பார்த்து வளர்ந்த தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சக்கரங்கள் முதலில் இரும்பாகவும் பிறகு களிமண் கலவையாகவும் இருந்தன. பொடிக்கல் பட்டாலே நின்றுவிடும். விழுந்தவர்கள் பெருகினார்கள், ஊர்கள் தடை போட்டன, 1965க்குப் பிறகு அந்த மோகமே அடங்கிப்போயிற்று. 1970இல் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர் வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்ற ஊரிலுள்ள பிளாஸ்டிக் ஆலைக்குப் போனபோது, ரோலர் ஸ்கேட்டுக்காகச் செய்து, பெரிதாக விலைபோகாமல் கிடந்த யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். அவற்றை எடுத்துவந்து தம் பலகையில் மாட்டினார். அவை கல்லின் மேல் அமுங்கி ஏறிக் கடந்தன, வளைவில் வழுக்காமல் பிடித்தன. கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபின் கேடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் அவற்றை விற்கத் தொடங்கினார். செத்துப்போன விளையாட்டு எழுந்துகொண்டது. எங்கள் முதல் பலகையில் இருந்த பி.வி.சி. சக்கரம், அமெரிக்கப் பிள்ளைகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே தூக்கியெறிந்த சக்கரத்தின் சித்தப்பா மகன் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய சக்கரம் போட்டதும் வேறொரு தொல்லை முளைத்தது. ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசி, சட்டென்று பிடித்துக்கொள்ளும். இதற்கு வீல்பைட் என்று பெயர். பலகைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு திண்டு கொடுத்து உயரத்தைக் கூட்ட வேண்டும். தம்பியிடம் அன்று அது கைவசம் இல்லை. மஞ்சக்குப்பத்தில் செருப்புத் தைப்பவரிடம் கெட்டி ரப்பர்த் தாள் வாங்கி, மூன்று மி.மீ. கனத்துக்கு நானே வெட்டி, நான்கு துளையிட்டு வைத்தேன். திண்டு ஏறியதால் பழைய போல்ட்டு எட்டவில்லை. அது பத்துக்கு முப்பத்திரண்டு என்ற அங்குல மரை; கடலூர்க் கடைவீதியில் கிடைக்காது. ஐந்து மி.மீ. மெட்ரிக் போல்ட்டுகள் அதே துளைக்குள் இறங்கின. எட்டு போல்ட்டு, எட்டு நைலாக் நட்டு, மொத்தம் 64 ரூபாய்.

ஸ்பேனர் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். அச்சுத் தொகுதியின் நடுவில் அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய போல்ட்டைக் கிங்பின் என்பார்கள். பலகையில் கிங்பின் நட்டு 9/16 அங்குலம், அச்சு நட்டு 1/2 அங்குலம். நம் வீடுகளில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் அச்சு நட்டுக்கு ஒருவாறு பொருந்தும். கிங்பினுக்கு 14 நுழையாது, 15 வழுக்கி முனைகளைத் தின்றுவிடும். அந்த T சாவியைத் தனியாக 350 ரூபாய் கொடுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தம்பி அதைப் பலகையோடு சேர்த்தே கொடுத்தார்.

பேரிங்குக்கு வருகிறேன், இது என் சொந்த நிலம். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பேரிங்குகள். எல்லாமே 608 என்ற எண்ணுள்ளவை: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. சிறிய மோட்டார்களிலும், சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் விரலில் சுற்றிக்கொண்டு திரிந்த ஸ்பின்னரிலும் இருப்பது இதேதான். 1970களின் நடுப்பகுதிவரை ஸ்கேட்போர்டுச் சக்கரத்தில் குண்டுகளைத் தனித்தனியாக அடுக்கிக் கூம்பு நட்டால் இறுக்கியிருந்தார்கள். நட்டு தளர்ந்தால் குண்டெல்லாம் தெருவில் உருண்டோடும். பழைய மிதிவண்டி ஹப்பைப் பிரித்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். மூடிய பேரிங்கு வந்தபிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது.

கடைகளில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று பேரிங்கின் மேல் அச்சிட்டு விலையை ஏற்றுகிறார்கள். அது அளவுத் துல்லியத்துக்கான தரம். மிக அதிக வேகத்தில் சுழலும் இயந்திரங்களுக்கு வேண்டியது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 52 மி.மீ. சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுதான். அந்த வேகத்துக்கு ஏபெக் எண்ணால் ஆவது ஒன்றும் இல்லை. குதித்து இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடியை அந்தத் தரம் கணக்கிலேயே எடுப்பதில்லை. தம்பியும் இதைத்தான் சொன்னார். விற்பவரே விலை கூடியதை வேண்டாம் என்றது இரண்டாம் முறை. கடற்காற்றுள்ள நம் ஊருக்குத் தேவை, இருபுறமும் ரப்பர் மூடியிட்ட பேரிங்கு. தகரம் மூடியதை வாங்கினால் ஐப்பசி மழையில் துருவேறி, சக்கரம் கிரீச்சிடத் தொடங்கும். மாதம் ஒருமுறை மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, இரண்டு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். இந்த வேலையை இப்போது பேத்தியே தினத்தாள் விரித்துச் செய்கிறாள்.

அச்சுத் தொகுதியை ட்ரக் என்கிறார்கள். பலகையில் ஒரு பக்கம் எடையைச் சாய்த்தால் சக்கரங்கள் அந்தப் பக்கம் திரும்புகின்றன; ஸ்டியரிங் என்று எதுவும் இல்லை. சாய்வாக நிற்கும் கிங்பினும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்களும் செய்யும் வேலை அது. இதன் மூலத்தைத் தேடியபோது எனக்கே வியப்பாக இருந்தது. நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் 1863இலேயே ரோலர் ஸ்கேட்டுக்காக, ரப்பர் மெத்தையில் சாய்ந்து திரும்பும் அச்சுக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். கிங்பின் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் பலகை நேராக ஓடும்; அரைச் சுற்றுத் தளர்த்தினால் நாட்டியமாடும். தம்பி கொடுத்த ட்ரக் அலுமினிய வார்ப்பு. ஓராண்டுக்குப் பிறகும் அச்சு வளையவில்லை. உரசி உரசிச் சட்டம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

பலகை, மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளைப் பசை தடவி அச்சில் வைத்து அழுத்தியது. பெரும்பாலான தகடுகளின் ரேகை நீளவாக்கில் ஓட, இரண்டு மட்டும் குறுக்காக ஓடும்; அதனால்தான் மிதித்தால் வளைகிறது, ஆனால் பிளப்பதில்லை. பின்முனை மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கிக்டெயில் என்பார்கள். தொடக்ககாலப் பலகைகள் தட்டையானவை. கலிஃபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த லாரி ஸ்டீவன்சன் 1969இல் இந்த வளைவுக்குக் காப்புரிமை கோரினார். பின்காலை அழுத்தினால் முன்பகுதி எழும்; அதுவரை உருண்டு மட்டுமே கொண்டிருந்த பொருள் அதன் பிறகே நிமிரக் கற்றுக்கொண்டது.

நிமிர்ந்தது பறந்ததும் இரண்டு சிறுவர்களால். 1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபண்ட், வளைந்த கான்கிரீட் சுவரில் ஏறும்போது கையால் தொடாமலே பலகையோடு எழும்பினார். அவருடைய பட்டப்பெயரான ஆலியே அந்த வித்தைக்கும் பெயராயிற்று. அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தவர் அதே மாநிலத்தில் பண்ணைவீட்டில் வளர்ந்த ராட்னி மல்லன். சறுக்குச் சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாத சிறுவன். 1980களின் தொடக்கத்தில், பின்முனையைத் தரையில் அறைந்து எழும்பி, முன்காலின் பக்கவாட்டைக் கிரிப் டேப்பின் மேல் உரசி இழுத்தால் பலகை காலோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று கண்டார். பலகையைக் காற்றில் ஒரு முழுச்சுற்று உருட்டிப் பிடிக்கும் கிக்ஃபிளிப்பும் அவர் கண்டுபிடித்ததே. இன்றைய தெருவித்தைகள் அனைத்துக்கும் அவை அரிச்சுவடி. எங்கள் பேத்திக்கு ஆலி கைவர ஐந்து மாதம் பிடித்தது. முதல் முறை நான்கு சக்கரமும் தரையைவிட்டு எழுந்த உயரத்தை நான் ஸ்கேல் வைத்து அளந்தேன், 4 செ.மீ. அவள் 10 என்கிறாள்.

இடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை முழுமையாகாது. ஏனெனில் பலகையின் பயன் தரையைப் பொறுத்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களை விடுவதில்லை. ஆனால் மாலையில் நடப்பவர் கூட்டத்தில் ஓட்டுவது நாகரிகமன்று, விடியற்காலையே சரி. பதிகல் பாவிய நடைபாதைகளில் இணைப்புக்கு இணைப்பு பலகை கடகடக்கும். கடலூரில் எங்கள் தெரு சாக்கடை மூடிகளால் ஆனது என்றே சொல்லலாம்.

வழி காட்டியது நெல்லிக்குப்பம் பக்கத்தில் உள்ள எங்கள் உறவினர் ஊர். அங்கே நெல் உலர்த்துவதற்கென்று போட்ட சிமெண்ட் களம் இருக்கிறது. அறுவடைக் காலம் தவிர மற்ற நாட்களில் அது ஆளற்றுக் கிடக்கும். ஆண்டாண்டாக நெல்லைத் துழாவித் துழாவி மெருகேறிய தரை. கல் இல்லை, மேடுபள்ளம் இல்லை. முதல்முறை அங்கே பலகையை விட்டபோது சக்கரத்தின் ஓசையே மாறியது. சாலையில் அரைத்தது, களத்தில் ரீங்கரித்தது. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி வந்தபோது வீட்டு நீச்சல் குளங்களில் நீரை இறைத்துவிட்டார்கள். சாண்டா மோனிகா, வெனிஸ் பகுதிகளின் செஃபயர் என்ற ஸ்கேட்போர்டு அணிப் பிள்ளைகள் வேலியேறிக் குதித்து அந்தக் காய்ந்த குளங்களின் வளைந்த சுவர்களில் பலகையை ஏற்றினார்கள். இன்றைய ஸ்கேட் பூங்காக்களில் உள்ள கிண்ணப் பள்ளங்களுக்கு அந்தக் குளங்களே முன்மாதிரி. அந்த அணியில் பெகி ஓகி என்ற ஒரே ஒரு பெண் இருந்தார் என்பதைப் பேத்திக்குச் சொன்னேன். “அவங்களும் சுவரேறிக் குதிச்சாங்களா?” என்று கேட்டாள். நாங்கள் சுவரேறவில்லை, ஊராட்சியில் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம்.

உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று நாளில் சேர்ந்துகொண்டார்கள். செருப்பு வழுக்குகிறது என்று வெறுங்காலோடு ஏறினார்கள். கிரிப் டேப் உள்ளங்காலைச் சிவக்க வைத்தாலும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி என்ற சிறுமி கவுன் அணிந்து வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சறுக்கும் படம் உலகெங்கும் பரவியது நினைவுக்கு வந்தது. களத்தின் கரைக்கட்டில் பலகையின் அடிப்பாகத்தை வைத்துச் சறுக்குவதற்காக மெழுகுவத்தியைத் தேய்த்தபோதுதான் பஞ்சாயத்து வந்தது. “களத்துல மெழுகு தடவாதீங்கம்மா, நெல்லுல ஒட்டிக்கும்” என்று ஒரு பெரியவர் பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். மெழுகைக் கொதிநீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தோம். பதிலாக, பழைய வாசற்காலின் சட்டத்தை அறுத்து, விளிம்பில் 40 மி.மீ. இரும்பு ஆங்கிள் பூட்டி, தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். ரெட் ஆக்சைடு அடித்ததில் ஒரு தவறு செய்தேன்: சறுக்கும் முகத்திலும் அடித்துவிட்டேன். வழுக்க வேண்டியது ஒட்டிக்கொண்டது. உப்புத்தாளால் சுரண்டிய பின் சரியாயிற்று.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்தது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த பலகையை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாள் ஊறியபின் எடுத்தபோது வால்முனையில் தகடுகள் முறுக்குப்போல விரிந்திருந்தன. இந்தப் பலகையின் குறை என்று சொல்வதானால் இதுதான்: மரமும் பசையும் நீரைத் தாங்காது, நம் கடற்கரைக்கு அது சிறிய குறை அன்று. ஆனால் ட்ரக், சக்கரம், திண்டு, எல்லாம் கழற்றிக் கழுவியதும் பழையபடி ஆயின. பேரிங்கில் மூன்று மட்டும் போயின. கடலூரில் பேரிங்குக் கடையிலேயே வாங்கிப் போட்டேன்.

தம்பியின் கடையைப் பற்றிய குறைகளையும் மறைக்கக் கூடாது. திறக்கும் நேரம் அவர் மனம்போலத்தான். இரண்டு முறை கடலூரிலிருந்து பேருந்து ஏறிப் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பினேன். அலைபேசியில் கேட்டுக்கொண்டு போவதே உத்தமம். முதல் முறை ரசீது தரவில்லை, கேட்டபின்தான் நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொடுத்தார். சிறுவர் அளவு ஹெல்மெட் அவரிடம் இல்லை; அதை விற்காமல் பலகையை மட்டும் விற்பது சரியில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அடுத்த முறை போனபோது இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினோம்.

முழுப் பலகைக்கு நான் கொடுத்தது 6,800 ரூபாய். புயலுக்குப் பிறகு மேற்பலகை மட்டும் மாற்ற, கிரிப் டேப் உட்பட, 2,600 ரூபாய் ஆயிற்று. பழைய பாகங்களைப் புதிய பலகையில் பூட்டியதற்கு அவர் கூலி வாங்கவில்லை. அந்த 6,800 ரூபாய், 1,350 ரூபாய்ப் பலகையை ஐந்து முறை வாங்கும் காசு என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். ஐந்து முறை முழங்கால் கிழியும் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிரிந்துபோன பழைய பலகையை எறிய மனம் வரவில்லை. வால்முனையை ஒரு சாண் அளவுக்கு அறுத்துத் தள்ளிவிட்டு, நடுவில் கெட்டியாக இருந்த பகுதிக்கு ஃபெவிகால் விட்டு, சி-கிளாம்பில் இரண்டு நாள் இறுக்கி வைத்தேன். தம்பி பயன்படுத்திய ட்ரக் ஜோடி ஒன்றை 600 ரூபாய்க்குக் கொடுத்தார். பேத்தி முதலில் பிடிவாதமாக வாங்கிய நண்டுச் சக்கரங்கள் அவர் கடையிலேயே விலைபோகாமல் கிடந்தன; அவற்றையும் திரும்ப வாங்கிப் பூட்டினேன். பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பையன் எங்கள் மொட்டைமாடியில் அதை ஓட்டுகிறான். பின்புற ட்ரக்குக்கு நான் போட்ட துளைகள் 2 மி.மீ. விலகிவிட்டன. முப்பது ஆண்டு ஃபிட்டர் வேலைக்கு அது அவமானம். பலகை எப்போதும் சற்று இடப்பக்கமாக இழுக்கிறது. அவன் அதைப் பிசகாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வட்டமடிக்கும் வண்டி என்றே நினைத்து, காலை ஊன்றி ஊன்றி அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்.